ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு 'ரெட் மீட்' என்று பேர் வந்த கதை

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் ரெட் மீட் வாங்கப் போவதில்லை; கறி எடுக்கப் போகிறார்கள். வெறுமனே கறி என்றால் அது ஆட்டுக்கறி. கோழி என்றால் கோழி, மீன் என்றால் மீன் என்று சொல்லிவிடுவார்கள். மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் முன்னால் அந்த விலங்கின் பேர் வந்தாக வேண்டும். ஆட்டுக்கு மட்டும் அடைமொழி தேவையில்லை. அதே குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை, கொழுப்பு என்று ஏதாவது வந்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால், கையில் இருக்கும் உணவுச் சீட்டில் அந்தக் கறிக்குப் புதுப்பேர் வந்திருக்கும்: 'ரெட் மீட் தவிர்க்கவும்.' வீட்டில் இருப்பவர்கள் கூடிப் பேசி, ரெட் மீட் என்றால் மட்டன்தான் என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைக் கோழிக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பேர் இந்த ஊரில் பிறந்ததல்ல. அது பிறந்த இடம் வேறு. அது யாருடைய சாப்பாட்டைப் பார்த்துப் பயந்ததோ அவர்களும் வேறு. அதன் பூர்வீகம் தெரியாமல் இங்கே புழங்கினால், கேட்டு நடக்க வேண்டியவர் காதில் அது விழுவதில்லை, பயப்படத் தேவையில்லாதவர் பயந்துபோகிறார். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கறிக்கடையைப் பார்ப்போம். இங்கே கறியைத் தரம் பிரிக்கும் கணக்கில் நிறத்துக்கு இடமே இல்லை. வெள்ளாடா செம்மறியா என்பது முதல் கேள்வி. கிடாவா பெட்டையா, இளசா முற்றலா என்பது அடுத்தது. தோலுரித்துத் தொங்கும் உடலில் வாலை மட்டும் ரோமத்தோடு விட்டுவைத்திருப்பது, வாங்க வந்தவர் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகத்தான். பிறகு பாகம்: தொடை, நெஞ்செலும்பு, சாப்ஸ், கழுத்து, நல்லி, குடல், தலை, கால், ஈரல், சுவரொட்டி. "பாய், நெஞ்செலும்பு அரைக் கிலோ போட்டு, ஈரல் ஒரு துண்டு சேர்த்து வைங்க" என்று சொல்லும்போது அதில் ஒரு முழு உடற்கூறியல் அடங்கியிருக்கிறது. கறி வெட்டும் கட்டை புளியமரத்தில் செய்தது. கத்தி எத்தனை முறை இறங்கினாலும் சிலாம்பு தெறித்துக் கறியில் ஒட்டாத மரம் அது. திந்திரிவனம் என்று புளியங்காட்டின் பேரைச் சுமந்து நிற்கும் ஊருக்கு இது பொருத்தமான கட்டைதான்.

பக்கத்தில் செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத் நெருங்கும்போது விடியுமுன்பே அங்கே வண்டிகள் வந்து நிற்கும். இந்தப் பக்கத்து ஆடு வளர்ப்பவர்களின் பேச்சில் சிவப்பு என்ற சொல் வந்தால், அது பெரும்பாலும் 'மெட்ராஸ் சிவப்பு' என்ற செம்மறி இனத்தைக் குறிப்பதாக இருக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலையோடு விழுப்புரமும் அதன் மேய்ச்சல் நிலம். பழுப்பேறிய சிவப்பு உடம்பு. கம்பளிக்கு உதவாது, கறிக்காகவே வளர்ப்பது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறத்தாழ 99 லட்சம், செம்மறி 45 லட்சம். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. ஆட்டை வளர்ப்பவர் எல்லாரும் கறி தின்பவர் அல்லர். பல வீடுகளில் ஆடு என்பது பள்ளிக் கட்டணத்துக்கும் கல்யாணச் செலவுக்கும் நடந்துகொண்டிருக்கும் சேமிப்பு. கறி வேண்டுமென்றால் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடா வாங்கி அறுத்து, கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு பங்கு, எலும்பில் ஒரு பங்கு, ஈரலில் ஒரு துண்டாவது விழுந்தாக வேண்டும். அந்த நியாயம் தவறினால் அடுத்த தீபாவளிக்கு யாரும் கூட்டுச் சேர மாட்டார்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். கறி வாங்கிய பையின் அடியில் தேங்கும் சிவப்புத் தண்ணீரை ரத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆட்டை அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு மயோகுளோபின் என்ற புரதத்துடையது. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, வேலை செய்யும்போது எடுத்துக் கொடுப்பது அதன் தொழில். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது, நிறம் அதனால்தான். அப்போதுதான் வெட்டிய கறியின் உட்பக்கம் ஊதாவாக இருக்கும். காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவக்கும். நேரம் ஆக ஆகப் பழுப்பாகும். சட்டியில் சூடேறியதும் சாம்பல் பழுப்புக்கு மாறும். கடைக்காரர் மேல்துண்டைத் திருப்பிப்போட்டு உள்பக்கத்தைக் காட்டுவதும், வாங்குபவர் விரலால் அழுத்திப் பார்ப்பதும் இந்த வேதியியலைக் கண்ணாலும் கையாலும் படிப்பதுதான்.

எந்தத் தசை அதிக நேரம் உழைக்கிறதோ அதில் இந்தப் புரதம் அதிகம். நாள் முழுக்க நடந்து மேயும் நாட்டுக்கோழியின் கால் கறுத்திருக்கும். பறக்காததால் அதன் நெஞ்சு வெளுத்திருக்கும். வாத்துக்கும் புறாவுக்கும் நெஞ்சே சிவப்பு, அவை பறப்பவை. கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் இருக்கும் திமிங்கிலத்தின் தசையில் மயோகுளோபின் மிக மிக அதிகம். அதனால்தான் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ, ஒரு புரதத்தின் வடிவத்தை அணு அணுவாகத் தெரிந்துகொள்ளக் கிளம்பியபோது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கறியைத் தேடிப் போனார். 1958-இல் வெளியான அந்த வடிவம்தான் மனிதர் கண்ட முதல் புரத உருவம். 1962-இல் மாக்ஸ் பெருட்சோடு சேர்ந்து அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. கறியின் சிவப்புக்குக் காரணமான பொருள்தான், புரதங்களின் உருவத்தைப் பார்க்கும் ஒரு துறைக்கே வாசலைத் திறந்துவிட்டது.

ஆனால் மருத்துவர் சொல்லும் ரெட் மீட் இந்த நிறக் கணக்கோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி, பாலூட்டிகளின் தசை எல்லாமே அதில் சேரும்: மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு, குதிரை. வெளிறிய பன்றிக்கறி ரெட் மீட். கறுஞ்சிவப்பான வாத்து நெஞ்சு அல்ல. இப்படி ஆனதற்குக் காரணம், இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்த பெயரல்ல. நோயாளியின் படுக்கையும், அரசியல் மேடையும், விளம்பரப் பலகையும் சேர்ந்து வளர்த்த பெயர்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள், உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கோழி, மீன் போன்ற வெளுத்த இறைச்சியே ஏற்றது என்றும், சிவந்த இறைச்சி வாத நோயையும் சிறுநீரகக் கோளாறையும் மோசமாக்கும் என்றும் சொல்லிவந்தார்கள். லண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் ஹெய்க் 1892-இல் யூரிக் அமிலத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, தலைவலி முதல் பல நோய்களுக்கும் அதையே குற்றவாளியாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் சாலிஸ்பரி என்ற மருத்துவர், கொத்திய மாட்டிறைச்சிதான் நோய்க்கு மருந்து என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரே இறைச்சி ஒருவருக்கு விஷம், இன்னொருவருக்கு அமிர்தம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

அடுத்த கட்டம் கொழுப்பு. 1961-இல் அமெரிக்க இதயச் சங்கம் நிறைகொழுப்பைக் குறைக்கச் சொன்னது. 1977 ஜனவரியில் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான செனட் குழு, இறைச்சியைக் குறைத்துக் கோழியையும் மீனையும் கூட்டுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. மாடு வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த திருத்திய பதிப்பில், நிறைகொழுப்பு குறைவாக வரும்படி இறைச்சியையும் கோழியையும் மீனையும் தேர்ந்தெடுங்கள் என்று வாசகம் இளகிவிட்டது. குறை என்ற சொல் போய், தேர்ந்தெடு என்ற சொல் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1987-இல், அமெரிக்கப் பன்றி வளர்ப்போர் தங்கள் சரக்கை 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். சிவப்பு என்ற பட்டியலில் இருப்பது வியாபாரத்துக்குக் கெடுதல் என்று ஆகிவிட்டிருந்தது. அரசாங்கக் கணக்கிலோ பன்றி அப்போதும் சிவப்புதான்.

2015 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிவிப்புதான் இந்தப் பேரை நம் ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்றும், சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தினார்கள். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. சிவப்பு இறைச்சிதான் காரணம் என்று உறுதியானால், அதில் நாளுக்கு 100 கிராமுக்கு 17 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். பதப்படுத்திய இறைச்சி புகையிலை இருக்கும் அதே வகையில் சேர்ந்ததால், கறியும் பீடியும் ஒன்று என்று செய்தி பரவியது. அந்த வகைப்பாடு சொல்வது சான்று எவ்வளவு வலுவானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. உலகில் ஆண்டுக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய்ச் சாவு சுமார் 10 லட்சம், பதப்படுத்திய இறைச்சியால் சுமார் 34,000 என்ற மதிப்பீட்டை அந்த அமைப்பே அப்போது எடுத்துக்காட்டியது. நாலு வருடம் கழித்து, சான்று அவ்வளவு வலுவில்லை, தின்பதை மாற்ற வேண்டாம் என்று இன்னொரு குழு ஒரு மருத்துவ இதழில் எழுத, பெரிய சண்டையே நடந்தது.

இந்த எண்களில் 'நாள்தோறும்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி எடுக்கும் ஐந்து பேர் வீட்டை எடுத்துக்கொள்வோம். எலும்போடு தலைக்கு 100 கிராம். எலும்பைக் கழித்தால் 75 கிராம் இருக்கலாம். ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்குச் சுமார் 11 கிராம். உலக உணவு எப்படி இருக்க வேண்டும் என்று 2019-இல் அறிக்கை கொடுத்த ஈட்–லான்செட் ஆணையம், சிவப்பு இறைச்சிக்கு ஒதுக்கியது நாளுக்கு 14 கிராம். சமைத்த கணக்கில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. பணக்கார நாடுகள் கஷ்டப்பட்டு இறங்கிவர வேண்டிய படியில் திண்டிவனத்து வீடு ஏற்கெனவே நிற்கிறது. கிலோ 800 ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்தில், பல வீடுகளுக்கு வாராவாரம்கூட முடிவதில்லை.

வாரம் ஒருமுறை என்ற இந்தக் கணக்குக்கு நம் மலையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் பிறகு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் மெக்காரிசன். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு கடைசியில் நின்றது. அந்தச் சீக்கியர் சாப்பாட்டில் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் தினமும். கறி வாரம் ஒருமுறை, எலும்போடு. கறி மட்டும் அந்த எலிகளை வளர்த்துவிடவில்லை. ஆனால் கொஞ்சமாக, வாரத்துக்கு ஒருநாள் அது இருந்ததில் தீங்கும் தெரியவில்லை.

ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் பிழைக்கும் ஓட்டுநருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் மத்தியானம் பிரியாணி, ராத்திரி பரோட்டாவோடு மட்டன் சுக்கா என்று வாரத்தில் ஐந்து நாள் ஓடலாம். அவருக்குத்தான் அந்தச் சீட்டு. யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கியவருக்கும், சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும் அந்தச் சீட்டு. வீட்டில் மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம்கூட வரையறைப்படி பதப்படுத்திய இறைச்சிதான். ஆய்வுகள் பார்த்தது பெரும்பாலும் பேக்கனையும் சாசேஜையும் என்றாலும், உப்புக்கண்டத்தைத் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே வைத்திருப்பது நல்லது.

எனக்கு வருத்தம் தரும் இடம் வேறு. ரெட் மீட் வேண்டாம் என்று கேட்ட வீடு கீரைக்கும் பருப்புக்கும் போவதில்லை. பிராய்லர் கோழிக்குப் போகிறது, அதுவும் எண்ணெயில் பொரித்த கோழிக்கு. வெள்ளை என்ற சொல்லுக்குள் எண்ணெயும் உப்பும் மைதாவும் மறைந்துகொள்கின்றன. மாட்டுக்கறி சாப்பிடும் வீட்டுக்கு இந்தச் சொல் இன்னும் சங்கடமாக வந்து சேர்கிறது. ஆட்டுக்கறியின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் நல்ல புரதம் அது. அந்த வீட்டார் தங்கள் சாப்பாட்டைப் பற்றிக் காலம்காலமாகக் கேட்டுவரும் பேச்சுகளோடு, மருத்துவத்தின் பேராலும் ஒரு சொல் சேர்ந்துவிட்டது. மருத்துவம் ஆட்டையும் மாட்டையும் ஒரே வரியில்தான் வைக்கிறது. ஆட்டைத் தின்று மாட்டை மட்டும் ஆபத்து என்று சொல்கிறவருக்கு அந்த வரையறை துணைக்கு வராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் பெண்களுக்கு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறியை மயோகுளோபின் சிவக்கவைப்பது எந்த இரும்பாலோ, அந்த ஹீம் இரும்பைக் குடல் எளிதாக உறிஞ்சுகிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு அவ்வளவு சுலபத்தில் உள்ளே போவதில்லை. கூடவே கொஞ்சம் கறி இருந்தால் அதையும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. இதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தவர்கள் நம் பாட்டிமார். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுவரொட்டி வாங்கி, மிளகு தட்டிப்போட்டு வதக்கிக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரல் அது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கடையில் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். சுத்தத் தசையில் 100 கிராமுக்கு 2 மில்லிகிராம் அளவில் இரும்பு இருந்தால், மண்ணீரலில் 40-ஐ ஒட்டி இருக்கிறது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 29 மில்லிகிராம்.

மேற்கிலும் இதே வழியில் ஒரு நோபல் வந்தது. ஜார்ஜ் விப்பிள் சோகை பிடித்த நாய்களுக்கு ஈரல் கொடுத்துப் பார்த்தார். பாஸ்டனில் மினாட்டும் மர்ஃபியும் 1926-இல், அதுவரை சாவில் முடிந்துகொண்டிருந்த ஒரு கொடிய சோகையை ஈரல் கொடுத்து மாற்றிக் காட்டினார்கள். மூவருக்கும் 1934-இல் மருத்துவ நோபல். ஈரலுக்குள் இருந்த மருந்தைப் பிரித்தெடுத்தது 1948-இல்தான்: வைட்டமின் பி12. பிரித்தெடுத்த படிகமும் சிவப்பு நிறம்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் அரைக் கிலோ கறி வந்தால் ஈரலும் தொடைத்துண்டும் முதலில் யார் தட்டில் விழுகிறது? வேலைக்குப் போகும் ஆம்பளை, படிக்கிற பையன், கடைசியில்தான் பெண்பிள்ளை, சமைத்தவளுக்குக் குழம்பு. அப்பாவுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று வீடே கறியை நிறுத்தும்போது, இரும்பு வேண்டிய மகளுக்கும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அப்பாவின் சீட்டு அப்பாவுக்கு மட்டும்தான். இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் மகள் அதையும் விடாமல் போட வேண்டும். கறி அதற்குத் துணை, மாற்று அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் கொடுத்த உணவு வழிகாட்டியில், பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 85 கிராம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நம் பக்கத்து மருத்துவமனைகளில் சீட்டு எழுதுகிறவர்களும் அதேபோலத் தெளிவாக, 'ரெட் மீட்' என்ற இடத்தில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி என்று பேர் சொல்லி எழுதலாம். எந்தப் பாகம், வாரத்தில் எத்தனை நாள், தலைக்கு எத்தனை துண்டு, கொழுப்பை வெட்டி எடுக்க வேண்டுமா, பொரித்த கோழி கூடுமா கூடாதா என்பதையும் சேர்க்கலாம். சீட்டு வாங்குகிறவரும் இதையெல்லாம் அங்கேயே கேட்டுக்கொண்டு வரலாம். "டாக்டர், எனக்கு மட்டுமா, வீட்டுல எல்லாருக்குமா?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.